அசனத்துக்குக் கை தூக்கிய அறுநூறு பேர்

கரமனை,
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள ஷிஜா அக்காவுக்கு,

தங்கச்சி ஜிஜி எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே அப்பாவும் அம்மாவும் மிகவும் சுகம். அப்பா இவ்வளவு சுகமாக இருந்து நான் பார்த்ததேயில்லை, என் கஷ்டமே அதுதான். பெங்களூரில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஜெபித்தேன்.

அக்கா, முதலில் ஒரு சத்தியம் செய்துவிட்டு அப்புறம் வாசியுங்கள். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது. பெரியப்பாவிடம் போனில்கூடச் சொல்லக் கூடாது. உங்கள் அறைத்தோழிக்கும் காட்டக் கூடாது. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்பீர்கள். வாசிக்கத் தெரியாதவள் சும்மா படம் பார்க்கிற மாதிரிகூடப் பார்க்க வேண்டாம். வாசித்து முடித்ததும் கிழித்து, பாதியை உங்கள் வீட்டுக் குப்பையிலும் மீதியை ஆபீஸ் குப்பையிலும் போட்டுவிடுங்கள். ஏன் மெயில் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். மெயில் அனுப்ப வேண்டுமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், அங்கே செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்பா உட்கார்ந்திருக்கிறார். கடைக்குப் போகிறார், வருகிறார், கை கழுவுகிறார், உட்காருகிறார். போன் ஹாலில், அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நல்லவேளையாக தாசம்மாள் மாமி நாளைக் காலை ரயிலில் உங்கள் ஊருக்கு வருகிறார். உங்களுக்காக அம்மா கொடுத்துவிடும் முந்திரிக்கொத்து டின்னின் அடியில், செய்தித்தாளுக்குக் கீழே இதை வைக்கப் போகிறேன். சமூக அறிவியல் படிப்பதாகச் சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், புத்தகமும் திறந்துதான் இருக்கிறது.

விஷயம் நம் சபையின் அசனத்தைப் பற்றியது. போன வருஷம் நீங்கள் வரவில்லை அல்லவா? வராததே நல்லது. சபையார் எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஒரே சோறு, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பு என்று பணக்காரன் ஏழை பார்க்காமல் சாப்பிடுகிற நாள் என்று சின்னதிலிருந்து நமக்குச் சொல்லித்தந்தார்களே, அந்த வரிசை போன வருஷம் ஒன்றரை வரிசைதான் வந்தது, மொத்தமே அறுபது பேர். பாதிக் குடும்பங்கள் மலையாள ஆராதனைக்குப் போய்விட்டன, மற்றவர்கள் நகரத்தின் ஏதேதோ மூலைகளில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சிய சோற்றை அப்பா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருக்கிற கொட்டகைகளில் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். இந்த வருஷம் கமிட்டியில், என் வகுப்பில் படிக்கிற பிரபினுடைய அப்பா, அசனம் வேண்டாம், ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடலாம், பாத்திரம் கழுவுகிற வேலையும் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா செக்ரட்டரி என்பதால் சண்டை போட்டு இந்த ஒரு வருஷத்துக்கு அனுமதி வாங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுந்து நின்று, "அசனத்துக்கு வாறவுங்க கையத் தூக்குங்க" என்றார். எத்தனை கையோ அதற்குத் தகுந்த அரிசி, அதுதானே நம் முறை? தூக்கிய கைகளை எண்ண அப்பாவுக்கு விரல்களே போதும்போல இருந்தது. பிரபினுடைய அப்பா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மத்தியானம் அப்பா என் அறைக்கு வந்தார். "மக்களே, நீ அந்தப் பெட்டிக்குள்ள என்னெல்லாமோ செய்யுதியே, நம்ம அசனத்தயும் அதுல போடு. நம்ம ஆளுவ டவுனு முழுக்கச் செதறிக் கெடக்காவ. ஆருக்க கண்ணுலயாவது படட்டு" என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் லீவில் நீங்கள் எனக்கு உங்கள் வெப்சைட்டின் சாவியைத் தந்துவிட்டுப் போனதிலிருந்து, நான் பெரிய வெப் டெவலப்பர் என்று அப்பா சாலை பஜாரில் அவர் வேலை பார்க்கிற பெயின்ட் கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சந்தேகத்துக்கிடமான விளம்பரங்களை அழிப்பது மட்டும்தான் என் வேலை என்று அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்கு வெப்சைட் செய்யத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே இடம் உங்கள் டெவ்சந்தைதான். உலகத்தில் வெப்சைட் செய்கிறவர்கள் எல்லாரும் தாங்கள் படித்த நல்ல செய்திகளைக் கொண்டுவந்து போட்டு, பிடித்த செய்திக்கு ஓட்டுப் போட்டு மேலே ஏற்றுகிற இடம். அப்பாவுக்கு ஒரு தடவை காட்டிவிட்டு உடனே அழித்துவிடலாம் என்று நினைத்துத்தான் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போட்டேன், அக்கா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அப்பா சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினேன். என்ன, எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு, நம் வீட்டு போன் நம்பர். கடைசியில் "ஆரு வந்தாலும் சோறு உண்டுண்ணு எழுது" என்றார், அதையும் எழுதினேன். நான் மாடரேட்டர் என்பதால் என் செய்தி வரிசையில் நிற்காமல் நேரே முதல் பக்கத்துக்குப் போய்விடும் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. உங்கள் சைட்டில் ஓட்டுப் போடுகிற பொத்தானாக நீங்கள் என்ன படம் வைத்திருக்கிறீர்கள்? தூக்கிய கை. பக்கத்தில் ஒரு எண். வேறு படம் கிடைக்கவில்லையா அக்கா? ஒரு நட்சத்திரம் வைத்திருக்கலாம், பூ வைத்திருக்கலாம். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கை தூக்கியிருக்கிறது, பக்கத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது. "இது ஆருக்க கையி?" என்றார். செய்தி போடுகிறவருடைய ஓட்டு தானாக விழுந்துவிடுமே, அதனால் "எனக்க கைதான்ப்பா" என்றேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார். உடனே அழிக்கலாம் என்று மவுஸைப் பிடித்தேன், கரண்ட் போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. நீங்கள் எனக்கு வெப் சர்வீஸ் என்றால் என்ன என்று சொல்லித்தந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருக்குழாய் மாதிரி, யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்கு ஒரு பைப் இழுத்துக்கொண்டால் நம் முதல் பக்கத்துச் செய்தி அவர்கள் சைட்டிலும் தானாக வந்து விழும் என்றீர்களே. அந்த அரை மணி நேரமும் நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், நம் அசனம் எல்லாப் பைப்புகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப ஆன் செய்தபோது நாற்பது கைகளுக்கு மேல் தூக்கியிருந்தன.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் "எலிசா, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக் கையோடு வந்து, "ஆரெல்லாம்ணு பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள். நான் வாசிக்க வேண்டியதாயிற்று. கோட் மங்கி. நல் பாயின்டர். சூப்பர் டேவ். மிஸ்டர் செமிகோலன். அம்மா, "இதெல்லாம் ஞானஸ்நானம் எடுத்த பேராட்டு தெரியல்லியே" என்றாள். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "இப்பம் பிள்ளைகளுக்கு இப்பிடித்தான் பேரு வைக்காவ. ஏன், ஷிஜா, ஜிஜி, பிரபினுண்ணு நாம வச்சது மட்டும் எந்த வேதாகமத்துல கெடக்கு?" என்றார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஆனால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார் அக்கா, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் முந்நூறு தாண்டிவிட்டது. செய்தியின் கீழே ஜனங்கள் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். போலந்துக்காரர் ஒருவர், இரண்டு வருஷமாக இந்த சைட்டைப் படிக்கிறேன், என்ன, எங்கே, எப்போது என்று நாலே வரியில் தெளிவாகச் சொன்ன முதல் அறிவிப்பு இதுதான் என்று பாராட்டியிருக்கிறார். இன்னொருவர், சொன்ன தேதியில் சொன்னபடி வெளியாகுமா, இல்லை வழக்கம்போலத் தள்ளிப்போகுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒருவர், ஆட்டை வெட்டிய பிறகு தள்ளிப்போட முடியாது என்று பதில் எழுதியிருக்கிறார். பழைய பிரவுசரில் இது வேலை செய்யுமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஜெர்மனியில் ஏதோ கம்பெனியின் பக்கத்தில், அவர்களுடைய மென்பொருள் செய்திகளுக்கு நடுவே நம் பாஸ்டர் ஐயாவின் பெயர் வந்திருப்பதாக ஒருவர் படம் எடுத்தே போட்டிருக்கிறார். அதை அப்பா பார்த்துவிடக் கூடாது என்று நான் வேகமாகக் கீழே நகர்த்தியபோது, பின்னால் நின்ற அக்ரகாரத்துச் சரஸ்வதியம்மாள், "இத்தனை பேர் கை தூக்கிருக்காளே, எல்லாரும் மாமிசம் சாப்பிடறவாளா? யாராவது சைவமா இருந்தா என்ன பண்ணுவேள்?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார், ஆனால் அப்பா அதை முக்கியமாக எடுத்துக்கொண்டு, தனியாகச் சாம்பாரும் உண்டு என்று முடிவு செய்துவிட்டார்.

அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து அழிக்கப் போனேன். இருநூறு ஓட்டு தாண்டிய செய்தியை மாடரேட்டர் அழிக்க முடியாது, அட்மின்தான் அழிக்கலாம் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஜனங்கள் விரும்பியதை ஒரு ஆள் மனதுக்குத் தோன்றியபடி அழிக்கக் கூடாது என்று நீங்கள் போட்ட சட்டம்தானே அது? நல்ல சட்டம்தான். ஆனால் உங்களுக்கு மெயில் எழுதலாம் என்று அடுத்த பக்கம் திறப்பதற்குள் அப்பா திரும்பி வந்துவிட்டார். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டாராம். கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு, கை எண்ண வேண்டியிருக்கிறது என்று சொன்னாராம்.

நேற்றுச் சாயங்காலம்தான் எல்லாம் கைமீறிப் போனது. அப்பா கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாஸ்டர் ஐயாவுக்கு நாற்காலி, மற்றவர்கள் நின்றார்கள். பிரபினுடைய அப்பா கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றார். அப்பா ஒரே விரலால் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்தார். எல்லார் கண்ணுக்கு முன்னாலேயே மூன்று கைகள் கூடி அறுநூறு ஆயிற்று. யாரோ தோத்திரம் என்றார்கள். பிரபினுடைய அப்பா, "சரி ஓய், இவ்வளவு பேரும் எங்கேருந்து வாறாவ?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல், "எங்கேருந்து வந்தா என்ன? தம்பானூரு ஸ்டேசன்ல எறங்குனா கரமனைக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு" என்றார். போலந்திலிருந்து தம்பானூருக்கு எப்படி வருவார்கள் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அப்போது பிரபினுடைய அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "சத்தியநேசா, இந்தக் கூட்டத்துல பாதி வந்தாலும் கொழம்பு வாளிய நான் தூக்குதேன், கடைசிப் பந்தி வரைக்கும். வரல்லண்ணா நீ செக்ரட்டரி ஸ்தானத்த விடணும், அடுத்த வருசத்துலேருந்து பொட்டலம்தான். சம்மதமா?" அப்பா சம்மதம் என்றார். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணி முடித்துவைத்தார், ஆகையால் இனிமேல் மாற்ற முடியாது. திங்கட்கிழமை காலையில் அரிசிக்கும் ஆட்டுக்கும் சொல்லிவிடுவார்கள். பக்கத்து சபையிலிருந்து பெரிய அண்டாக்களும் வருகின்றன. அடுத்த வாரம் சனிக்கிழமை, அசனத்தன்று, அண்டா நிறையச் சோறு வெந்து ஆவி பறக்கும். எதிரில் நம் அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். மறுபடியும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். இந்தத் தடவை எத்தனை ஆட்டோ என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அசனமே இருக்காது, அதற்குக் காரணம் நான்.

இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். முதல் தடவை அவர் குளியலறையில் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார். போன வருஷ அசனத்துக்கு அப்புறம் அங்கே தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. இரண்டாவது தடவை பரிமாறும்போது போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அசனத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். அதற்குள் இன்னொரு தடவை போட்டுக்கொள்ளலாம் என்றார். நான் என்ன சொல்ல? கையைத் தூக்கியவர்கள் யாரும் வர மாட்டார்கள், அவர்களுக்குச் செய்தி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லவா? அடித்தாலும் பரவாயில்லை. ஆனால் அடிக்க மாட்டார், சரி மக்களே என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் அக்கா, உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். செய்தியை அழித்துவிடாதீர்கள். இத்தனை கைகளும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் அப்பா தாங்க மாட்டார். நீங்கள் அட்மின், உங்களால் எண்ணை மாற்ற முடியும் அல்லவா? மாமி வந்து சேர்ந்த அன்றைக்கே ஆரம்பித்து, காய்ச்சல் இறங்குகிற மாதிரி மெதுவாகக் கைகளை இறக்குங்கள். சனிக்கிழமை கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் அப்பா பார்க்காதபோது நிறைய. திங்கட்கிழமை விடியும்போது எண்பதில் வந்து நிற்க வேண்டும். அறுபது வேண்டாம், எண்பது. போன வருஷத்தைவிடக் கூடுதல் என்று ஒரு சந்தோஷம் அவருக்கு இருக்கட்டும். யாராவது கேட்டால், வேறு வேலை வந்து வர முடியாமல் போயிருக்கும் என்று நான் சமாளித்துக்கொள்கிறேன். உங்கள் நண்பர்கள் கண்டுபிடித்து என் சாவியைப் பிடுங்கிக்கொண்டால் பிடுங்கிக்கொள்ளட்டும். இனிமேல் விளம்பரத்தைக்கூட அழிக்க மாட்டேன், சமூக அறிவியல் மட்டும்தான் படிப்பேன்.

ஹாலில் போன் அடிக்கிறது. இந்த நேரத்தில் யார் என்று தெரியவில்லை. அப்பாதான் எடுத்திருக்கிறார், ஹலோ ஹலோ என்று சத்தம் போடுகிறார். வைத்துவிட்டார். இல்லை, திரும்பவும் அடிக்கிறது. அக்கா, நான் சீக்கிரம் முடிக்கிறேன். மாமி பத்திரமாக வந்து சேர வேண்டும். முந்திரிக்கொத்தை உடனே சாப்பிடுங்கள், ஈரம் பட்டால் நமுத்துவிடும். உங்கள் வேலையிலும் ஆரோக்கியத்திலும் ஆண்டவர் கூட இருந்து வழிநடத்த வேண்டும் என்று வாழ்த்தும் உங்கள் அன்புத் தங்கச்சி

அய்யோ, கதவைத் தட்

பின்குறிப்பு:

பிரியமுள்ள மகள் ஷிஜாவுக்குச் சித்தப்பா சத்தியநேசன் எழுதுவது. கதவைத் தட்டியது நான்தான். போனில் பேசுகிறவர்கள் இங்கிலீஷும் மலையாளமும் கலந்து வேகமாகப் பேசியபடியால், ஜிஜியை எழுப்பலாம் என்று வந்தேன். பிள்ளை எழும்பியேதான் இருந்தாள், முகம் மட்டும் சரியில்லை. அவள் இப்போது ஹாலில் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். சமூக அறிவியல் புத்தகத்துக்குக் கீழே இருந்த இதை நான் முழுவதும் வாசித்தேன். பிள்ளையின் கடிதத்தை வாசித்தது தப்புதான், மன்னித்துக்கொள்.

கை தூக்குகிறவன் எல்லாம் வர மாட்டான் என்று எனக்குத் தெரியாதா மகளே? இத்தனை வருஷம் செக்ரட்டரியாக இருந்து அது தெரியாமல் இருக்குமா? நம் சபையிலேயே கை தூக்கிவிட்டு அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிறவன் உண்டு, தூக்காமல் முதல் பந்தியில் வந்து உட்காருகிறவனும் உண்டு. நான் ஒரு வருஷமும் கையை நம்பி அரிசி போட்டதில்லை. அறுநூறு என்று கமிட்டியில் சொன்னது அவர்கள் காதில் விழட்டும் என்றுதான். அரிசிக்கடையில் நூற்றைம்பது பேருக்குத்தான் பேசி வைத்திருந்தேன். ஆனாலும் போலந்திலிருந்து கை தூக்கியிருப்பது எனக்குத் தெரியாது. அது தம்பானூருக்கு ரொம்ப அப்பால்தான்.

இப்போது விஷயம் என்னவென்றால், போன் ஓயவில்லை. டெக்னோபார்க்கில், அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில், ராத்திரி வேலை செய்கிற பிள்ளைகளாம். ஏதோ ஒரு பைப்பில் நம் அறிவிப்பைப் பார்த்திருக்கிறார்கள். "சாரே, ஊணு சத்யமாணோ?" என்று முதல் பையன் கேட்டான். சத்தியம், சாப்பாடு உண்டு என்றேன். அங்கே கழக்கூட்டம் ஜங்ஷனில் ஒரு வீட்டில் பதினான்கு பேர் இருக்கிறார்களாம், வரலாமா என்றான். அடுத்தவன் எங்கள் ஆபீஸ் மாடி முழுக்க வருவோம் என்றான். அதற்கடுத்த பிள்ளை விருதுநகர்க்காரி, வீட்டுச் சோறு தின்று மாசக்கணக்காயிற்று என்று சொல்லிவிட்டு வழி கேட்டாள். அவளுக்குத்தான் ஜிஜி இப்போது வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாம்பாரும் உண்டு என்று சொல்வது இங்கே கேட்கிறது.

ஆகவே ஜிஜி கேட்டபடி நீ கைகளை இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். அரிசியை நான் கூட்டிச் சொல்லிக்கொள்கிறேன். உன்னால் முடிந்தால் அந்த அறிவிப்பின் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடு. பந்தி பரிமாற ஆள் குறைவு, வருகிறவர்களில் பத்துப் பேர் ஒரு மணி நேரம் முந்தி வந்தால் உபகாரம். குழம்பு வாளிக்கு மட்டும் ஆள் வேண்டாம் என்று எழுது, அதற்கு ஆள் இருக்கிறது.